ஸ்கேனருக்குத் தெரியாத அரை ஓம்

“இப்போதைய வண்டியெல்லாம் கம்ப்யூட்டர். ஸ்கேனரைப் போட்டால் கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். பல்பில் ரெண்டு வயரைக் கட்டிக்கொண்டு கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்த காலம் மலையேறிவிட்டது.” வண்டி வைத்திருப்பவர், விற்பவர், பழுது பார்ப்பவர், பாடம் நடத்துபவர் எல்லார் வாயிலும் இன்று இதுதான். இதற்கு ஒரு துணைப் பேச்சும் உண்டு: “ப்ரோப், டெஸ்ட் லைட் எல்லாம் வைத்தால் ஈசிஎம் போய்விடும்.” (ஈசிஎம் என்றால் என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்.) முதல் பேச்சு தவறு. இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் முதல் தவறு விழாமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறது. இரண்டையும் மறுத்துத்தான் ஆக வேண்டும். நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் சென்சாருக்குப் பணம் கட்டுகிறவர் வண்டி உரிமையாளர். கையில் இருந்த வித்தையைப் பழசு என்று நம்பி விட்டுவிடுகிறவர் இளம் எலெக்ட்ரீஷியன். இழப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஸ்கேனர் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். புகையைக் கண்காணிக்க. கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் வண்டிகளிலிருந்து முதல் தலைமுறை ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும்) முறையைக் கட்டாயமாக்கியது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தப் பதினாறு முனைச் சாக்கெட்டும், பி0 என்று தொடங்கும் பொதுக் கோளாறுக் கோடுகளும் அப்போது வந்தவை. இந்தியாவில் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கார்களுக்குக் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது இருசக்கர வண்டிகளும் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. சட்டம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புகைபோக்கியில் வருவதைக் கெடுக்கும் எந்தக் கோளாறையும் வண்டியே உணர்ந்து செக் என்ஜின் விளக்கைப் போட வேண்டும். பிறகு கம்பெனிகள் ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் என்று தங்கள் கோடுகளைச் சேர்த்துக்கொண்டன. அப்படியும் நம் ஊரில் ஓடும் பெருவாரியான வண்டிகளில் ஹாரனோ, பின்பக்க விளக்கோ, வைப்பர் மோட்டாரோ வேலை செய்கிறதா என்று எந்தக் கம்ப்யூட்டரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சொல்லும் என்று நாம் நம்புகிற கருவிக்கு வண்டியின் ஒரு பகுதி மட்டும்தான் தெரியும்.

தெரிந்த பகுதியிலாவது அது சொல்வது என்ன? ஆக்சிஜன் சென்சாரை எடுத்துக்கொள்வோம். பி0135 என்று கோடு வருகிறது. கைபேசிச் செயலி அதை விரித்து, முதல் வரிசை முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று காட்டுகிறது. கடையில் இந்த வாக்கியத்தைப் படிப்பவர் ‘சென்சார்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். அவர் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் ‘சர்க்யூட்’. நான்கு வயர் உள்ள சென்சாரில் இரண்டு வயர் ஹீட்டருக்கு. பெரும்பாலான வண்டிகளில் அதில் ஒன்றுக்கு ஃபியூஸ், ரிலே வழியாகச் சாவி ஆனில் பாசிட்டிவ் வருகிறது. இன்னொன்றை ஈசிஎம் தன் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் மூலம் எர்த்தாக்குகிறது. எதிர்பார்த்த கரண்ட் ஓடவில்லை என்பது மட்டும்தான் ஈசிஎம்முக்குத் தெரியும். ஃபியூஸ் போயிருந்தாலும் ஓடாது. ரிலே ஒட்டாவிட்டாலும் ஓடாது. சைலன்சர் சூட்டில் வயர் உருகியிருந்தாலும், கப்ளர் பின் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தாலும், ஈசிஎம்மின் டிரான்சிஸ்டரே போயிருந்தாலும் ஓடாது. ஹீட்டர் கம்பி அறுந்திருந்தாலும் ஓடாது. இத்தனை காரணங்களுக்கும் கோடு ஒன்றுதான். அது ஒரு புகார். புகாரை வாங்கிக்கொண்டு, விசாரிக்காமலே சென்சாருக்குத் தண்டனை கொடுக்கிறோம்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு: புகாரே வராத கோளாறு. ரேடியேட்டர் விசிறிக்கு பி0480 என்று ஒரு கோடு இருக்கிறது. விசிறி சுற்றாவிட்டால் அது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ரிலே வைத்த சாதாரண அமைப்பில் ஈசிஎம் கவனிப்பது ரிலேயின் காயிலை மட்டும்தான், அதாவது 85, 86 என்று எண் போட்ட அந்தச் சின்ன பக்கத்தை. காயில் நன்றாக இருந்தால் ஈசிஎம்முக்குத் திருப்தி. மறுபக்கத்தில் ரிலேயின் பாயின்ட் கரிந்து போயிருக்கலாம், விசிறி மோட்டாரின் கார்பன் தேய்ந்து போயிருக்கலாம், எர்த் போல்ட் துருவேறியிருக்கலாம். எதற்கும் கோடு வராது. என்ஜின் கொதிக்கும்; ஸ்கேனரின் திரையில் ‘விசிறி: ஆன்’ என்று இருக்கும். அந்த ‘ஆன்’ என்பது ஈசிஎம் கொடுத்த கட்டளை. கட்டளை நிறைவேறியதா என்பது ஈசிஎம்முக்கும் தெரியாது, ஸ்கேனருக்கும் தெரியாது. ஃபியூயல் பம்ப், ஹாரன், ஏசி கிளட்ச் என்று ரிலேக்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் இதுவே கதை. கட்டளையைப் பார்த்துவிட்டு விளைவைப் பார்த்ததாக எண்ணுவதுதான் ஸ்கேனர் நம்பிக்கையின் அடிப்படைப் பிழை.

சரி, ஸ்கேனரை விட்டு மல்டிமீட்டரை எடுக்கிறவர் தப்பித்துவிட்டாரா? அவசியம் இல்லை. இங்கேதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை இருக்கிறது, எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. 12 வோல்ட், 55 வாட் பல்பு. ஓட வேண்டிய கரண்ட் ஏறக்குறைய 4.6 ஆம்பியர். எர்த் வயரின் லக் அடியில் களிம்பு பிடித்து அரை ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியன் கப்ளரைக் கழற்றி இரண்டு முனையிலும் மீட்டரை வைக்கிறார். 12 வோல்ட் முழுதாகக் காட்டுகிறது. “சப்ளை சரி, எர்த் சரி, பல்பை மாற்று.” மாற்றுகிறார்கள், புதுப் பல்பும் மங்கல்தான். ஏன்? டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடும் கரண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. அவ்வளவு சின்ன கரண்டுக்கு அரை ஓம் ஒரு தடையே இல்லை. அரை ஓம் என்ன, அந்த லக் அடியில் பத்தாயிரம் ஓம் களிம்பு இருந்தாலும் மீட்டர் 11.99 என்று காட்டும். இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது இழை அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட்தான் காட்டும். பல்பை மாட்டி 4 ஆம்பியருக்குப் பக்கமாக ஓடவிடும்போதுதான் அந்த அரை ஓம் தன் வேலையைக் காட்டும்: ஏறக்குறைய 2 வோல்ட்டை அது விழுங்கிவிடும். இழை பல்பில் 12 வோல்ட் 10 ஆகக் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது.

ஆகவே மின்சுற்றைச் சோதிக்கிறேன் என்று சொல்பவர் அதில் கரண்டை ஓட வைத்துப் பார்க்க வேண்டும். லோடு இல்லாத அளவீடு பொய் சொல்லும். நம் ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் கையிலிருந்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இதைத்தான் செய்தது. அது தொட்ட இடத்தில் 1.75 ஆம்பியரை இழுத்தது. ஒற்றை இழை வயரும் களிம்பேறிய எர்த்தும் அந்த இழுப்பில் அகப்பட்டுக்கொண்டன. பல்பு மங்கினால் வழியில் தடை. படித்தவர்கள் பழசு என்று ஒதுக்கிய கருவி, அவர்கள் வாங்கி வைத்த மீட்டர் காட்டாத உண்மையைக் காட்டியது. மீட்டரின் மேல் எனக்குப் பகை இல்லை. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொரு முனையை ஹெட்லைட்டின் எர்த் பின்னிலும் வைத்தால் அதே மீட்டர் அந்த 2 வோல்ட்டைத் துல்லியமாகக் காட்டும். வோல்டேஜ் டிராப் என்று தொழிலில் சொல்லும் சோதனை இதுதான். மீட்டர் வைத்திருப்பவர்களில் இதைச் செய்கிறவர் எத்தனை பேர் என்று கடை கடையாகப் போய்ப் பாருங்கள். மனம் நொந்துபோகும்.

செல்ஃப் மோட்டார் பக்கம் போனால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. கார் செல்ஃப் எடுக்கும்போது 150 ஆம்பியர் ஓடுகிறது என்றால், பேட்டரியிலிருந்து மோட்டார் வரை வரும் வழியில் நூறில் ஒரு ஓம் கூடுதலாக இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும். நூறில் ஒரு ஓமை எந்தச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதியாலும் அளக்க முடியாது. மீட்டரின் சொந்த வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. இப்படி எர்த் கேபிள் செத்திருக்கும் வண்டிக்கு முதலில் பேட்டரியும் பிறகு செல்ஃப் மோட்டாரும் மாற்றப்படுவது அன்றாடக் காட்சி. சாவியைத் திருப்பிக்கொண்டே என்ஜின் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே மீட்டரை வைத்தால், 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் கேபிளைச் சந்தேகிக்கலாம். செய்து முடிக்க ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

இப்போது கையடக்க ப்ரோப்புக்கு வருவோம். ‘பவர் ப்ரோப்’ என்ற ஒரு கம்பெனியின் பெயரே இன்று அந்தக் கருவி வகைக்கான பெயராகப் புழங்குகிறது. கைப்பிடி அளவில் ஒரு கருவி. அதிலிருந்து நீண்ட கேபிள் பேட்டரியின் இரண்டு முனைக்கும் போகிறது. முனையால் தொட்டால் பாசிட்டிவ்வுக்குச் சிவப்பு, எர்த்துக்குப் பச்சை, இரண்டும் இல்லாவிட்டால் விளக்கு இல்லை. இதுவரை பழைய டெஸ்ட் லைட்டும் செய்ததுதான். ப்ரோப்பின் சிறப்பு அதன் பட்டனில் இருக்கிறது. முன்னே அழுத்தினால் முனையே பேட்டரி பாசிட்டிவ் ஆகிறது. பின்னே அழுத்தினால் எர்த் ஆகிறது. சுற்றுக்குள் கரண்ட் வருகிறதா என்று கேட்பதோடு நிற்காமல், நாமே கரண்டைக் கொடுத்து, “இதோ, இப்போது ஓடு பார்க்கலாம்” என்று உதிரியைச் சோதிக்க முடிகிறது.

சுற்றாத விசிறிக்குத் திரும்புவோம். அனுபவசாலி விசிறியைக் கழற்றப் போவதில்லை. ரிலேயைப் பிடுங்கிவிட்டு அதன் சாக்கெட்டில் நிற்பார், ஏனென்றால் நான்கு வழியும் வந்து கூடும் இடம் அது. 30 என்ற பின்னில் எப்போதும் சிவப்பு வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ் பக்கம் கோளாறு. 86-இல் பல வண்டிகளில் சாவி ஆனில் சிவப்பு வரும். 85 ஈசிஎம் பக்கம் போகிறது. விசிறி ஓட வேண்டிய சூட்டில் அங்கே எர்த் கிடைக்க வேண்டும். இப்போது 87-இல் பாசிட்டிவ் கொடுத்துப் பார்க்கிறார். விசிறி வேகமாகச் சுற்றினால், சாக்கெட்டிலிருந்து விசிறி வரை உள்ள வயர், விசிறி மோட்டார், அதன் எர்த் மூன்றும் ஒரே தொடுதலில் தேறிவிட்டன. மெதுவாகச் சுற்றினால் வழியில் தடை. சுற்றவே இல்லை என்றால் விசிறியின் கப்ளருக்குப் போய் அங்கே நேரடியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பெரிய விசிறி கிளம்பும்போது 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம், ப்ரோப்பின் உள்ளே இருக்கும் பிரேக்கரோ 8 ஆம்பியர் அளவிலானது. அது விழுந்துவிட்டால் விசிறி கெட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அங்கே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயரை 30-க்கும் 87-க்கும் நடுவே போடுவதுதான் முறை. இத்தனையும் செய்ய ஐந்து நிமிடம் போதும். எந்த ஸ்கேனரும், எவ்வளவு விலையுள்ளதானாலும், இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாது.

இதில் மறைந்திருக்கும் நியாயம் எளிமையானது. வண்டியின் மின் கோளாறுகளில் பெரும்பகுதி பிறப்பது கப்ளரிலும் லக்கிலும் வயரிலும்தான். கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று ஒவ்வொரு எர்த் போல்ட்டையும் தின்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைப் பற்றித் தொழிலில் இருந்தவர்களைக் கேளுங்கள். தண்ணீர் வடிந்து, வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் தரைக் கம்பளத்துக்கு அடியில் இருந்த கப்ளர்களில் பச்சைக் களிம்பு பூத்தது. எலி கடித்த வயர் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களுக்கு அன்றாடம் வருகிறது. இதற்கு மேல், வண்டி வாங்கிய வாரமே கூடுதல் ஹாரன், ஃபாக் லைட், ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக் என்று போட்டுக்கொள்கிறோம். கம்பெனி வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள். அந்த முறுக்கில் இருக்கும் தடை எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ராத்திரி நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிப் போகிறது என்றால், உறங்கும் வண்டி இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டுகிறதா என்று அளந்து, ஃபியூஸ் ஃபியூஸாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடு படித்துப் பிடிக்க முடியாது.

அடுத்து அந்தப் பாதி உண்மை: ப்ரோப் வைத்தால் ஈசிஎம் போய்விடுமா? போகும், தவறான இடத்தில் வைத்தால். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ரிலேயின் 85-ஆம் பின்னிலிருந்து ஈசிஎம்முக்குப் போகும் வயரை எடுத்துக்கொள்ளுங்கள். ரிலே மாட்டியிருக்கும்போது அந்த வயருக்கு ப்ரோப்பால் எர்த் கொடுத்தால் ரிலே ‘டிக்’ என்று ஒட்டும், ஈசிஎம்முக்கு ஒன்றும் ஆகாது; அது செய்யும் வேலையைத்தான் நாமும் செய்கிறோம். அதே வயரில் பாசிட்டிவ்வை அழுத்தினால், அந்த நேரம் உள்ளே டிரான்சிஸ்டர் ஆனில் இருந்தால், பேட்டரியின் முழுப் பலமும் அதன் வழியே எர்த்துக்குப் பாயும். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சென்சார் வயரில் 12 வோல்ட் கொடுத்தாலும், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் என்ற இரட்டை முறுக்கு வயரில் கொடுத்தாலும் இழப்பு பெரிது. இன்ஜெக்டருக்கு நேரடியாகக் கொடுத்துத் திறந்தே வைத்தால், பெட்ரோல் அழுத்தம் இருக்கும்போது சிலிண்டர் நிறைந்துவிடும். மஞ்சள் கப்ளர் கொண்ட ஏர்பேக் சுற்றில் ப்ரோப்பும் கூடாது, பல்பும் கூடாது, ஓம் மீட்டர்கூடக் கூடாது; அது வெடிக்கும் பொருள்.

இதோடு, நம் பக்கத்துக் குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாசிட்டிவ் வயரைப் பாடியில் உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பொறி ஒவ்வொன்றும் எலெக்ட்ரானிக் பெட்டிகளுக்குள் வோல்டேஜ் துள்ளலை அனுப்புகிறது. ஊசியால் வயரின் தோலைக் குத்திப் பார்த்துவிட்டு அப்படியே விடுகிறார்கள். அந்த ஓட்டை வழியாக மழைநீர் ஏறி அடுத்த வருடம் அங்கேயே வயர் கரைந்துபோகிறது. கப்ளரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய பின் நுழைத்துப் பார்க்க வேண்டும். குத்தியே ஆக வேண்டுமென்றால் குத்திய இடத்தை அடைக்க வேண்டும். பெண் பின்னுக்குள் தடித்த முனையைத் திணித்து அகலமாக்கினால், சோதனையே புது லூஸ் கான்டாக்ட்டைப் பெற்றுவிடும். இவையெல்லாம் நிஜமான தவறுகள். ஆனால் இவற்றில் எது ப்ரோப்பின் தவறு? எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் கரண்ட் கொடுப்பவரின் தவறு. அவருக்கு வயரிங் படமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். கருவியைப் பிடுங்கிவிட்டு ஸ்கேனரை மட்டும் கொடுத்தால், ஈசிஎம் எரியாமல் போகலாம், கோளாறும் போகாது.

ஸ்கேனரை வெறுப்பவன் என்று என்னை யாரும் எண்ண வேண்டாம். ஸ்கேனரும் வயரும் சேர்ந்து வேலை செய்வதைப் போல அழகான சோதனை இந்தத் தொழிலில் வேறில்லை. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்கு இரண்டே வயர். பி0118 கோடு வந்து, ஸ்கேனர் திரையில் என்ஜின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. மதுரை வெயிலில் மைனஸ் 40! சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. சென்சாரை மாற்றுவதற்கு முன் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனையையும் ஒரு சின்ன ஜம்பரால் இணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். அளவு ஒரேயடியாக உச்சத்துக்குப் பாய்ந்தால் வயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் போயிருக்கிறது. மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை, வயரைத் தேடுங்கள். இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும் பொருந்தும் சோதனை இது. மூன்று வயர் சென்சாரில் 5 வோல்ட் வயரை எர்த்தோடு இணைத்தால் அதே 5 வோல்ட்டைப் பங்கிடும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும். இங்கே திரை இல்லாமல் ஜம்பர் பேசாது. ஜம்பர் இல்லாமல் திரை சொல்வதற்கு அர்த்தம் கிடைக்காது. நான் மறுப்பது ஸ்கேனரை முடிவாக எடுத்துக்கொள்ளும் போக்கை.

நேரம் இல்லை என்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று இலக்கு இருக்கும் இடத்தில், தேடுவதைவிட மாற்றுவது சீக்கிரம் என்று வாதம் வரும். உரிமையாளர் பக்கத்திலிருந்து இதைக் கணக்குப் பாருங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ ஒரு சென்சார் வாங்குகிறீர்கள். எலெக்ட்ரிக்கல் பொருள் திரும்ப எடுக்கப்படாது என்பது உதிரிபாகக் கடைகளில் பரவலான வழக்கம். மாற்றியும் கோளாறு போகவில்லை என்றால் அந்தப் பணம் போனது போனதுதான். அடுத்து இன்னொரு உதிரி, அதற்கும் அதே விதி. மூன்றாவது முறை ஈசிஎம் மேலேயே சந்தேகம் விழுகிறது. ஊகத்தின் செலவு முழுவதும் வண்டிக்காரர் தலையில்; ஊகித்தவருக்கு ஒவ்வொரு முறையும் மாற்றுக்கூலி. இப்படி ஒரு ஏற்பாட்டில் சோதனைக்கு நேரம் இல்லை என்று சொல்வது யாருடைய நேரத்தைப் பற்றிய பேச்சு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கப்ளரைக் கழற்றி மாட்டும்போதே களிம்பு கொஞ்சம் உரசிப்போய்க் கோளாறு மறைந்துவிடும். புதுச் சென்சார்தான் சரிசெய்தது என்று இருவரும் நம்புவார்கள். சில வாரங்களில் அதே கோடு திரும்பி வரும்போது, “டூப்ளிகேட் சென்சார் கொடுத்துவிட்டான்” என்று கடைக்காரர்மேல் பழி விழும். தவறான முறை தன்னைத்தானே சரியென்று காட்டிக்கொள்வது இப்படித்தான்.

மின்சார வண்டிகள் வந்துவிட்டன, இனி இந்தப் பேச்சே தேவையில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. அங்கே 12 வோல்ட் ப்ரோப்புக்கு இடமே இல்லை. அதற்குரிய மீட்டரும் ரப்பர் கையுறையும் தனிப் பயிற்சியும் இல்லாதவர் கிட்டேயே போகக் கூடாது. ஆனால் அதே காரில் விளக்கு, ஹாரன், வைப்பர், பூட்டு, கம்ப்யூட்டர்கள் அனைத்தும் ஓடுவது 12 வோல்ட்டில். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்களை இழுப்பதும் அந்தச் சின்ன பேட்டரிதான். பெரிய பேட்டரி முழுதாக நிரம்பியிருக்க, 12 வோல்ட் பேட்டரி செத்ததால் கார் அசையாமல் நிற்பது நன்கு அறியப்பட்ட கோளாறு. களிம்பும் எலியும் மின்சார வண்டியை விட்டுவைக்கப் போவதில்லை.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. ப்ரோப்பைப் பாதுகாப்பாகப் பிடிக்க வயரிங் படம் வேண்டும், அது சாலையோரக் கடைக்குக் கிடைப்பதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிகளையும் சோதனைக் கருவிகளையும் பழுதுபார்ப்புக் கையேடுகளையும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தது அந்த வழக்கின் மையம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. இவ்வளவுக்குப் பிறகும், பத்து வருடமாக ஒரே மாடலைப் பழுது பார்க்கும் எலெக்ட்ரீஷியன் தன் நோட்டில் கையால் வரைந்த படத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார். அவர் செய்வது ஆபத்து என்று சொல்லும் கம்பெனிகளிடம் ஒரு கேள்வி: ஆபத்தை நீக்கும் படம் உங்களிடம்தானே இருக்கிறது? எந்த வயர் ஈசிஎம் ஓட்டுவது, எது 5 வோல்ட், எது நேரடி எர்த் என்று குறித்த ஒரு படம் கையில் இருந்தால், மேலே சொன்ன விபத்துகளில் பெரும்பாலானவை நடக்காது.

படிப்பிலும் இதே கதை. ஐடிஐ வகுப்பில் ஸ்கேனர் மாட்டிக் கோடு அழிக்கக் கற்றுக்கொடுப்பது சுலபம். அழித்தவுடன் விளக்கு அணைவதால் மாணவருக்கும் திருப்தி. அதற்குப் பதில் ஒரு பழைய வயரிங் கிட்டைப் பலகையில் பரப்பி, ஏதோ ஒரு லக்கில் அரை ஓம் தடையை ஒளித்துவைத்து, “உதிரி எதையும் மாற்றாமல் கண்டுபிடி” என்று விட வேண்டும். மீட்டரை வைத்து 12 வோல்ட் என்று ஏமாறட்டும். லோடு கொடுத்து அந்த வோல்ட் எங்கே விழுகிறது என்று பிடிக்கட்டும். ரிலே எண்களும் எந்த வயருக்கு எர்த் கொடுக்கலாம், எதற்குப் பாசிட்டிவ் கூடாது என்பதும் கையில் படிந்த பிறகு ஸ்கேனரைக் கொடுத்தால், அவர் அதன் புகாரைப் புகாராகவே வாசிப்பார்.

வண்டி உரிமையாளர் செய்யக்கூடியதும் இருக்கிறது. மாற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. இனி மாற்றுவதற்கு முன்பே கேளுங்கள்: இந்தச் சென்சாருக்கு வரும் சப்ளையை லோடில் பார்த்தீர்களா, எர்த்தில் எத்தனை வோல்ட் விழுகிறது, உதிரிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆனது? பதிலை எண்ணாக ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், மாற்றிய பின் எடுத்த எண்ணையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தருகிற எலெக்ட்ரீஷியன் சோதனைக்கென்று தனிக்கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், உதிரி எதுவும் மாற்றாமல் ஒரு லக்கைச் சுரண்டி இறுக்கியதோடு வேலை முடிந்திருந்தாலும்.